மாயா வீட்டுக் கல்லுக்குத் தண்ணீர் காட்டியவள்

பென்னாகரம் ரோட்டிலிருந்து கிளம்பி, இமயமலை உச்சிக்கு ஏறி, அங்கே ஒரு குடும்பத்துக்குத் தன்னந்தனி ஆளாக வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்த ஒரே பெண்பிள்ளை எங்கள் கோகிலவாணிதான். சத்தியம் செய்யச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். உச்சி இல்லை, அடிவாரத்துக்குச் சற்று மேலே. தன்னந்தனியாகவும் இல்லை, கூடவே ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். கட்டிக் கொடுத்தாள் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அவள் செய்த முதல் காரியம், கட்ட வைத்திருந்த வீட்டில் கால்வாசியைக் கரைத்ததுதான். மற்றபடி, நேபாளம் போனதும் பஸ் பிடித்து வந்ததும் அப்பழுக்கில்லாத உண்மை.

கோகிலவாணிக்கு உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டை இடது கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிடுவாள். சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அவள் கல்யாணத்தன்று, தாலி ஏறிய சூடு ஆறுவதற்குள், பந்தியில் ரசம் வரவில்லை என்று மணவறையிலிருந்து இறங்கிப் போய் ரச வாளியைத் தூக்கிவிட்டாள் என்று நாத்தனார்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வாளியைத் தூக்கவில்லை, எட்டித்தான் பார்த்தாள் என்பது புருசன் மாதவராஜின் கட்சி.

இப்படி ஒரு பிறவிக்கு ஏற்ற வேலை அந்த வீட்டிலேயே இருந்தது. மாதவராஜ் ரோட்டோரமாக ஹாலோ பிளாக் போடும் களம் வைத்திருந்தான். சிமெண்டும் ஜல்லித் தூளும் கலந்து மிஷினில் அழுத்தி, வரிசை வரிசையாகக் களத்தில் இறக்கி வைத்தால், கல் தயார் என்று நினைக்கக் கூடாது. அதற்கு அப்புறம்தான் பாடு. காலை, மதியம், சாயங்காலம் என்று விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் தப்பினால் கல் வெடித்துப் பொறுக்குத் தட்டிவிடும். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுபோலக் கல்லுக்கும் 'தண்ணி காட்டுவது' என்றுதான் அங்கே பேச்சு. மகள் சுசித்ரா தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்தக் களத்துக்குத் தண்ணி காட்டியவள் கோகிலவாணி. டியூபைக் கையில் பிடித்து, கட்டைவிரலால் வாயை அடைத்து, விசிறியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு அவள் வரிசைக்குள் நடந்தால் எதிர் டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

சுசித்ராவை அரூரில் கட்டிக் கொடுத்தார்கள். அதே வருசம் மாதவராஜ் களம் முழுக்கக் குழாய் போட்டு ஸ்பிரிங்க்ளர் வைத்துவிட்டான். மோட்டாரைத் தட்டினால் போதும், பூப்போல ஊற்றிவிட்டு அதுவே நின்றுகொள்ளும். பெண்டாட்டிக்கு இனிமேலாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று பாசத்தில் செய்தது. அந்தப் பாசம் அவளைப் படுத்திய பாடு அவனுக்குத் தெரியாது. ஸ்பிரிங்க்ளர் சுற்றுவதைக் கோகிலவாணி நின்று பார்த்தாள். ஓரத்து வரிசை நனையவில்லை என்று செம்பில் மொண்டு ஊற்றினாள். நனைந்துதான் இருக்கிறது என்று மாதவராஜ் தொட்டுக் காட்டினான். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கேட்காமலே கூட்டினாள். தீர்த்தமலைக்கு ஏறினாள், இறங்கினாள், அடுத்த சனிக்கிழமையே மறுபடி ஏறினாள். அவள் போன வேகத்தில் மலைமேல் இருக்கிற சாமிக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து, காம்பவுண்டுச் சுவருக்குக் கல் வாங்க வந்தார் பூவரசன். தர்மபுரியில் கல்லூரி வாத்தியார். கோடை விடுமுறை விட்டால் ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேபாளம் போவார். பூகம்பத்தில் வீடு இழந்து இன்னமும் தகரக் கொட்டாயில் கிடக்கிற குடும்பங்களில் ஒன்றைப் பிடித்து, அவர்களோடு சேர்ந்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வருவார். கல்லுக்குச் சொல்லிவிட்டு இதையும் பேச்சுவாக்கில் சொன்னார்.

"சம்பளம் உண்டுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"இல்லீங்கக்கா. நம்ம செலவுலதான் போவணும். கல்லு தூக்கணும், மண்ணு மிதிக்கணும்."

"குந்தற வேலை ஏதாச்சும் இருக்குதா?"

"மருந்துக்குக்கூடக் கெடையாதுங்க."

"அப்ப என் பேரையும் எழுதிக்கோங்க."

பூவரசன் மாதவராஜைப் பார்த்தார். அவன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் திரும்பாமலே சொன்னான்: "கூட்டிட்டுப் போங்க சார். இங்க இருந்தா என்னையும் குந்த விடமாட்டேங்கறா."

ரயில் மாறி ரயில் ஏறிப் போனார்கள். வண்டி ஓடிய தூரத்தில் பாதியை அவளும் பெட்டிக்குள் நடந்தே தீர்த்திருப்பாள். எல்லை தாண்டி மலைக்கு ஏறுகிற வேனில் வைத்துத்தான் பூவரசன் எல்லோருக்கும் விவரம் சொன்னார். வீட்டுக்காரன் பேர் தில் பகதூர். அவன் பெண்டாட்டி மாயாவுக்கு ஏழு மாசம். ஆனி பிறந்தால் அந்த மலையில் மழை பிடித்துக்கொள்ளும். பிறகு ஆவணி கழிகிற மட்டும் விடாது. இவர்கள் இருக்கிற தகரக் கொட்டாய் சரிவின் ஓரத்தில் நிற்கிறது. போன மழையில் பின்பக்கம் மண் சரிந்து உள்ளே வந்துவிட்டது. ஆகவே மழைக்கு முன்னால் நாலு பக்கமும் சுவர் ஏறி, கூரை விழுந்து, பிள்ளைத்தாய்ச்சி புது வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

இதுவரை கோகிலவாணி கேட்டாள். அப்போது வேன் ஒரு டீக்கடை முன் நின்றது. கடைக்காரன் டீயில் மிளகைத் தட்டிப் போடுவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்று, இன்னும் என்னென்ன போடுகிறான் என்று பார்த்துவிட்டு வந்தாள். வேனுக்குள் பூவரசன் வீட்டுக்கு வைத்திருக்கிற கல்லைப் பற்றிப் பேசியது அந்த நேரத்தில்தான்.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தார்கள். பேச்சு எப்படி ஓடப்போகிறதோ என்று எல்லோரும் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தபோது, தில் பகதூர் கோகிலவாணியைப் பார்த்து, "ஊட்டா ஆயித்தா?" என்றான். சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில்! பெங்களூரில் ஓட்டல் அடுப்படியில் வருசக்கணக்காக நின்றவன் அவன். காவிரிக்கு அந்தப் பக்கத்துப் பெண் கோகிலவாணியின் அம்மா, பிறந்த வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். பென்னாகரத்துக்காரியும் நேபாளத்துக்காரனும் மலைமேல் நின்று கன்னடத்தில் பேசிக்கொள்வதைப் பார்த்துக் கூட வந்த கொத்தனார் சென்னப்பனுக்கு வாய் மூடவில்லை.

"யக்கா, நீங்க நெலாவுக்குப் போனாலும் அங்க ஒரு சொந்தக்காரன் இருப்பான் போல" என்றார்.

மாயா சிரிக்காமல் டீ கொண்டுவந்து கொடுத்தாள். சின்ன உருவம், வயிறு மட்டும் முன்னால் நின்றது. கோகிலவாணி டீயை நின்றபடியே குடித்துக்கொண்டு இடத்தைச் சுற்றினாள். மரத் தூண்கள் நட்டு, மேலே விட்டம் ஏற்றி, அடியில் கருங்கல் கட்டு முடித்திருந்தார்கள். சுவர்தான் பாக்கி. ஓரத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே வைக்கோல் பரப்பி, ஆளுயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம். நம் களத்தில் ஓட்டை இல்லாமல் போடுகிற கல்லேதான், அளவு மட்டும் சிறுசு. ஒவ்வொன்றிலும் மூலையில் ஒரு குழி விழுந்திருந்தது, அச்சில் ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்தாள். பொரிகடலைபோலக் காய்ந்து கிடந்தது! அங்கங்கே மயிரிழை வெடிப்பு வேறு. அடப்பாவிகளா, சொட்டுத் தண்ணீர் காட்டவில்லையே என்று வாய்க்குள்ளேயே திட்டினாள்.

மறுநாள் பனிமூட்டத்தோடு விடிந்தது. வந்த அலுப்பில் யாரும் எழவில்லை. கோகிலவாணி வழக்கம்போல எழுந்துவிட்டாள். பாத்திரம் கழுவினாள். முற்றத்தைக் கூட்டினாள். அப்புறமும் யாரும் எழவில்லை. சரிவில் மேலே இருக்கிற ஊற்றிலிருந்து ஒரு கறுப்பு டியூப் இறங்கி, தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கையில் எடுத்துக் கட்டைவிரலை வைத்து அடைத்தாள். விசிறி விரிந்தது. எத்தனை மாசமாயிற்று இந்தத் துள்ளலைக் கை உணர்ந்து!

தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, மேலிருந்து கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, வரிசை தப்பாமல் தண்ணி காட்டினாள். கல் குடித்த குடி இருக்கிறதே, அவள் களத்தில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. எத்தனை நாள் தாகமோ என்று இன்னொரு முறை காட்டினாள். அடியில் சேறாக ஓடியது. தரை மண் என்று நினைத்தாள். இன்னொரு முறை காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அடுக்கு ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சத்தம் வந்தது. முன்வரிசை அப்படியே மடங்கி, அவள் காலடியில் வந்து உட்கார்ந்தது.

"நீரு! நீரு யாக்கே?" தண்ணீர் ஏன், தண்ணீர் ஏன் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான் தில் பகதூர்.

அது சிமெண்டே இல்லை. அந்தப் பக்கத்துச் சாம்பல் களிமண், வைக்கோல் போட்டு மிதித்து, மர அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த பச்சைக் கல். காய்வதுதான் அதற்கு வேகவைப்பது. தண்ணீர்தான் அதற்கு எமன்.

மாயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். குனிய முடியாமல் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். ராகிக் களி உருண்டையைப் பிட்டதுபோல அது கைக்குள் இரண்டாகப் போனது. கொட்டாய்க்குள் போய்விட்டாள்.

"பனிக்காலம் பூரா அவதான் அச்சுல அடிச்சா" என்றான் தில் பகதூர் கன்னடத்தில். "வயிறு இடிக்கிற வரைக்கும் அடிச்சா. கல்லுக்குக் கல்லு கட்டவெரல வெச்சு அழுத்துவா, அவ கணக்குக்கு."

அச்சில் பழுது என்று கோகிலவாணி நினைத்த குழி அது.

தூக்கம் கலைந்து வந்த பூவரசன் தலையில் கைவைத்துக்கொண்டார். "வேன்ல அத்தன தடவ சொன்னனேக்கா, இது பச்சக் கல்லு, தண்ணி படக்கூடாதுன்னு! ஏனுங்க, ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னாங்க?"

சென்னப்பன் சேற்றைச் சுற்றி வந்து பார்த்தார். "கட்டறதுக்கு வந்தமா, கரைக்கறதுக்கு வந்தமா? ஏக்கா, உங்க ஊட்டுக்காரரு ஸ்பிரிங்க்ளர் வெச்சது எதுக்குன்னு இப்பல்ல தெரியுது."

கோகிலவாணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் யார் கொடுத்ததையும் வாங்கிச் சாப்பிடவில்லை, டீயும் அவளுக்கு வரவில்லை.

பின்வரிசைகள் தப்பித்திருந்தன. அவற்றை எடுத்துச் சென்னப்பனும் மற்றவர்களும் சுவர் எழுப்பினார்கள். கிழக்கு ஏறியது, வடக்கு ஏறியது, தெற்கும் ஏறியது. மேற்குச் சுவருக்குக் கல் இல்லை. அது அவள் கரைத்தது. அதை அவள்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். மிதிப்பதும் அச்சில் அடிப்பதும் அவளுக்கு வேலையே இல்லை, ஓட்டம் ஓட்டமாகச் செய்துவிட்டாள். ஆனால் அடித்து வைத்த கல் காய வேண்டுமே. அங்கேதான் அவளுக்குச் சிறை. காய்கிற கல்லுக்குச் செய்யக்கூடியது ஒன்றுமே கிடையாது. பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணி காட்டியே பழகிய கைக்கு வெறுமனே இரு என்று சொன்னால் அது எங்கே இருக்கும்? காய்ந்ததா என்று தூக்கிப் பார்த்தாள், மூலை உதிர்ந்தது. அடிப்பக்கமும் காயட்டும் என்று புரட்டினாள், நடுவில் முறிந்தது. விசிறிகூட எடுத்து விசிறினாள் என்றால் நம்புவீர்களா? சென்னப்பன் பார்த்திருக்கிறார்.

மாயாவும் பார்த்தாள். முறிந்த கல்லைக் கோகிலவாணி மறைத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் நேராக வந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், காய்கிற கற்களுக்கு எதிரே ஒரு பலகையில் உட்கார வைத்தாள். கோகிலவாணி எழுந்தாள். மாயா உட்கார வைத்தாள். மறுபடி எழுந்தாள். மாயா பக்கத்திலேயே உட்கார்ந்து, கோகிலவாணியின் முந்தானையை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். ஏழு மாசம் எட்டாகிவிட்ட பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்த துணியை உருவ முடியுமா?

கோகிலவாணியின் கால்விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. எதிரே கற்கள் ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்துக் கிடந்தன. வெளுப்பு உள்ளே நகர்கிறதா என்று பார்த்தாள். நகரவில்லை. மலைக்குப் பின்னால் பஞ்சுப்பொதிபோல மேகம் ஏறுகிறதா என்று பார்த்தாள். அது நகர்ந்தது.

இதற்கு நடுவில் மாதவராஜ் போன் போடுவான். முதலில், "நீ இல்லன்னா என்ன, தண்ணி அது பாட்டுக்கு ஊத்துது" என்றான். பிறகு, "மோட்டாரு சத்தம் ஒரு மாதிரி வருது" என்றான். கடைசியில், "எப்ப வர?" என்றான்.

விடுமுறை முடிந்தது. மூன்று சுவரும் ஏறி, தகரக் கூரையும் போட்டாயிற்று. மேற்குப் பக்கம் மட்டும் திறந்துகிடந்தது. பூவரசன் பைகளை வேனில் ஏற்றச் சொன்னார்.

"கெளம்புங்கக்கா. கல்லு காஞ்சதும் அவங்களே கட்டிக்குவாங்க."

"எப்படிங்க கட்டுவாங்க? அவளால குனியக்கூட முடியல. கூலிக்குப் போனாத்தான் அவனுக்குச் சோறு. நான் கரைச்சதுங்க அது. நீங்க போங்க."

"ஒத்தையா எப்படிங்க வருவீங்க?"

"வந்த வழிதானுங்களே திரும்பிப் போவுது."

வேன் வளைவில் திரும்புகிற வரைக்கும் சென்னப்பன் சன்னல் வழியாகக் கத்திக்கொண்டே போனார்: "யக்கா, டியூபத் தொட்டுறாதீங்க!"

பிறகு நடந்தது இதுதான். கோகிலவாணி கல்லைப் பார்த்தாள், கல் அவளைப் பார்த்தது. ஒருநாள் காலையில் கற்கள் ஒட்டுமொத்தமாக வெளுத்து, தட்டினால் வெண்கலம்போலச் சத்தம் கொடுத்தன. அவள் கட்ட, தில் பகதூர் எடுத்துக் கொடுக்க, மேற்குச் சுவர் ஏறியது. கடைசிக் கல்லை விட்டத்துக்கு அடியில் செருகிவிட்டுக் கையை எடுக்கிறாள், மழையின் முதல் சொட்டு அவள் புறங்கையில் விழுகிறது. அன்றைக்கே மாயா புது வீட்டுக்குள் போனாள், அங்கேயே சுகப்பிரசவம். பிள்ளையை வாங்கிக் கோகிலவாணியின் மடியில் போட்டார்கள், மடி வேண்டுமே என்று அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்காரப் பழகியவள் ஊருக்கு வந்தும் அப்படியே குத்துக்கல்போல உட்கார்ந்திருக்கிறாள் என்று—

"ஆயா, ஆயா, நிறுத்துங்க!"

இந்தக் கிழவி எழுதிய கதையை வாசித்துக்காட்ட, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோகிலவாணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மொதல்ல, நான் எங்க குந்தினேன்? இப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கறேன். ரெண்டாவது, செவுரு முடியலீங்க. மழ முந்திக்கிச்சு. கல்லுல பாதிதான் காஞ்சுது. அத வெச்சு இடுப்பு ஒசரத்துக்குக் கட்டினோம், மீதிய பழைய தகரத்தப் புடுங்கியாந்து மறச்சுட்டு வந்தேன். புள்ள அந்தத் தகரத்துக்குப் பக்கத்துலதான் பொறந்துச்சு. ராத்திரி பூரா மழ தகரத்துல அடிச்ச சத்தத்துல அது அழுததே எங்களுக்குக் கேக்கல. மடியிலயும் யாரும் போடல. மாயா போன்ல நல்லாத்தான் பேசறா, சாப்டியான்னு கேக்கறதுக்குக் கன்னடம்கூடக் கத்துக்கிட்டா. ஆனா மேக்காலச் செவுரு எப்படி இருக்குதுன்னு நான் கேட்டா மட்டும் போனைப் புருசன்கிட்டக் குடுத்துடறா. பனிக்காலம் வந்தாத்தான் மண்ணு அடிக்க முடியும். கார்த்திகை தீபம் முடிஞ்சதும் போறேன், எங்க ஊட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன். அதனால கட்டி முடிச்சாள்னு எழுதாதீங்க ஆயா. இடுப்பு ஒசரம்னு எழுதுங்க."